முகாம் முடிந்த பிறகு ஊருக்கு என்ன மிச்சம்?

மாணவர்களை விடுமுறையில் ஒரு கிராமத்து முகாமுக்குக் கூட்டிப்போய்ச் சமூகப் பணி செய்யவைக்கும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் (என்.எஸ்.எஸ்.) பொறுப்பை மேல்நிலைப் பள்ளியில் ஏற்கும் ஆசிரியரிடம் இரண்டு கேள்விகள் தவறாமல் வந்து சேரும். முதல் கேள்வி பெற்றோரிடமிருந்து வரும். "காலாண்டுப் பரீட்சை முடிஞ்சு கிடைக்கிற லீவுலதான் சார் பையன் விட்ட பாடத்தைப் படிப்பான். அதையும் கேம்ப்புக்குன்னு எடுத்துக்கிட்டா அவனுக்கு அதுல என்ன கிடைக்கப்போகுது?" என்று மாணவர் ஒருவரின் தந்தை என்னிடம் கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. கொத்தனார் வேலைக்குப் போகும் அவர், தம் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் மகனைப் படிக்க வைக்கிறார். இரண்டாவது கேள்வி முகாம் நடக்கும் ஊரிலிருந்து வரும். புதுக்கோட்டை மாவட்டத்தில் நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த ஊரின் மகளிர் சுய உதவிக் குழு ஊக்குநர், தொடக்க விழாப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அருகில் வந்து கேட்டார்: "போன தடவை ஒரு காலேஜு பிள்ளைக வந்து கம்மாக்கரையில மரக்கன்னு வச்சுட்டுப் போச்சுக. தண்ணி ஊத்துனது நாங்கதான். இப்ப நீங்க வந்திருக்கீங்க. நீங்க போன பின்னாடி எங்களுக்கு என்ன சார் மிச்சம்?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியே பதில் சொல்லியே நமக்குப் பழக்கம். பெற்றோரிடம் ஆளுமை வளர்ச்சி, தலைமைப் பண்பு, சான்றிதழ் என்கிறோம். ஊராரிடம் தூய்மை, விழிப்புணர்வு, மரம் நடுதல் என்கிறோம். பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரு கணக்கு, ஊருக்குக் கிடைப்பது வேறு கணக்கு என்று பிரித்து வைத்துவிடுவதால், இரண்டில் எது குறைந்தாலும் மற்றதைக் காட்டிச் சமாளித்துவிட முடிகிறது. அந்தப் பதில்களில் எனக்கு நிறைவு ஏற்பட்டதே இல்லை. ஒரே வேலையில், ஒரே திண்ணையில், இரு தரப்புக்கும் சேர்ந்தே பலன் கிடைக்க வேண்டும்; அப்படிக் கிடைக்காத இடத்தில் பள்ளிக்கும் ஊருக்கும் உறவு இருப்பதாகச் சொல்வதில் பொருளில்லை என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். அந்த முகாமில் நடந்த சிலவற்றைப் பார்த்த பிறகு வந்த உறுதி இது.

கட்டாயமா, விருப்பமா

மாணவர்களைச் சமூகப் பணிக்கு அனுப்புவது பற்றிய பேச்சு நம் நாட்டில் புதிதல்ல. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் செயல்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் குழுவே மாணவர்கள் விருப்பத்தின் பேரில் தேசியப் பணி செய்யலாம் என்று பரிந்துரைத்தது. 1959-இல் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு ஒருபடி மேலே சென்று, பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்புவோர் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாகப் பணி செய்ய வேண்டும் என்றது. அத்தனை பேரை ஓராண்டு வைத்துச் சோறு போட்டு வேலை வாங்கும் செலவை நினைத்தே அது கைவிடப்பட்டது. பிற நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கல்வியாளர் கே.ஜி. சையதைன், பணி விருப்பத்தின் அடிப்படையிலேயே இருக்க வேண்டும் என்றார். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, சமூகப் பணி கல்வியின் எல்லா நிலைகளிலும் இடம்பெற வேண்டும் என்றது. இவ்வளவு விவாதத்துக்குப் பிறகுதான், காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, அப்போதைய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தை 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் தொடங்கி வைத்தார். பள்ளிகளின் மேல்நிலை வகுப்புகளுக்கு அது பின்னர்தான் வந்தது.

இந்த வரலாற்றில் என்னை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. கட்டாயமா விருப்பமா, எத்தனை மாதம், எத்தனை மணி நேரம் என்று விவாதம் முழுவதும் மாணவரைச் சுற்றியே நடந்தது. திட்டத்தின் விதியும் அப்படித்தான் அமைந்தது: ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், ஒரு சிறப்பு முகாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணி நேரச் சமூகப் பணியை முடித்திருக்க வேண்டும். டொராண்டோவில் வளரும் ஈழத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இது வீட்டில் அடிக்கடி அடிபடும் பேச்சு. அங்கே பணி நடந்த இடத்துப் பொறுப்பாளர் மணி நேரத்துக்குக் கையொப்பம் இடுகிறார். பணி அவருக்குப் பயன்பட்டதா என்பது எண்ணிக்கையில் வராது. நேரத்தைப் பதிவு செய்வது தவறல்ல. பதிவேடு இல்லாத திட்டம் எங்கும் ஓடாது. ஆனால் நம் பதிவேடுகள் ஒரு தரப்பை மட்டுமே அளக்கின்றன. ஊர் என்ன பெற்றது, ஊர் என்ன கொடுத்தது என்று எழுத அவற்றில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. அந்தக் கட்டம் இல்லாததால்தான் ஊக்குநர் பந்தலடியில் வந்து என்னைக் கேட்க வேண்டியிருந்தது.

திண்ணையில் விரித்த தாள்கள்

கேள்வி கேட்டவரிடமே பதிலையும் கேட்டேன். ஊருக்கு என்ன தேவை என்று சொல்ல அவர் ஒரு நொடியும் தயங்கவில்லை. "கம்மாக்கரையை நூறு நாள் வேலையில நாங்களே சுத்தம் பண்ணிருவோம் சார். பேப்பர் வேலைக்குத்தான் ஆளில்லை. ஒரு மனு எழுதணும்னாக்கூட டவுனுக்குப் போகணும். பஸ்ஸுக்கும் காசு, எழுதுறவருக்கும் காசு, அன்னைக்குக் கூலியும் போச்சு." அன்று இரவு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து மாணவர்களிடம் இதைச் சொன்னபோது, அவர்களில் ஒருவன் எழுந்து, "சார், பத்தாம் வகுப்புல தமிழ்ப் பேப்பர்ல படிவம் நிரப்பச் சொல்லி அஞ்சு மார்க் கேள்வி வருமே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது மிகச் சரியான பதிலாகத் தோன்றியது. நூலக உறுப்பினர் படிவத்தையும், அனுப்புநர், பெறுநர், பொருள் என்று தொடங்கும் விண்ணப்பக் கடிதத்தையும் பல முறை எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் ஒரு கூடம் நிறைய இருந்தார்கள். ஊரில் எழுதப்படாத மனுக்கள் இருந்தன. மறுநாள் காலை ஊராட்சிச் செயலரிடம் பேசி, அனுமதி பெற்று, தெருவுக்கு இரண்டு பிள்ளைகளாக அனுப்பினோம்.

பெரும்பாலானவை முதியோர் உதவித்தொகை மனுக்கள். தமிழ்நாட்டில் அத்தொகை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. வெளியில் இருந்து பார்ப்பவருக்குச் சிறிய தொகை. தனியே அடுப்பு வைத்திருக்கும் முதியவளுக்கு மருந்தும் மளிகையும் அதுதான். மனு எழுதுவது எளிது என்று நினைத்துப் போன பிள்ளைகள் முதல் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். ஆதார் அட்டையில் கணவரின் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் இருந்தது, குடும்ப அட்டையில் முன்னால் இருந்தது, வங்கிக் கணக்குப் புத்தகத்தில் முதலெழுத்தே இல்லை. ஒரு அட்டையின்படி வயது அறுபதைத் தாண்டியிருந்தது, இன்னொன்றின்படி அறுபதை எட்டவே இல்லை. தேர்வுத்தாள் படிவத்தில் பெயர், வயது, முகவரி மூன்றும் தெளிவாகக் கொடுக்கப்பட்டிருக்கும். எடுத்து எழுதினால் போதும். இங்கே எது சரியான பெயர் என்பதைக் கண்டுபிடிப்பதே வேலையாக இருந்தது. எந்த அட்டையை முதலில் திருத்த வேண்டும், எதைத் திருத்தினால் மற்றது செல்லாமல் போகும் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அரசு என்ற ஒன்று ஒரு மனிதரின் பெயரை எத்தனை விதமாக எழுதி வைத்திருக்கிறது என்பதை எந்தப் பாடநூலும் அவர்களுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

அன்று பிற்பகல் நடந்த ஒன்றைத்தான் நான் பலரிடமும் சொல்லி வருகிறேன். ஒரு வீட்டுத் திண்ணையில் எழுபதை நெருங்கும் மூதாட்டி ஒருவருக்கு எங்கள் மாணவி மனு எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துவிட்டு, பையிலிருந்து மை டப்பாவை எடுத்துத் திறந்து, "அப்பத்தா, கட்டை விரலைக் கொடுங்க" என்றாள். மூதாட்டி கையை இழுத்துக்கொண்டார். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் ஆயி" என்றார். மாணவி சங்கடத்தோடு டப்பாவை மூடினாள். அவர் உடனே கையெழுத்திடவில்லை. ஒரு பழைய தாளைக் கேட்டு வாங்கி, அதில் தம் பெயரை மெதுவாக எழுதிப் பார்த்தார். கொம்பு ஒன்று சற்றுத் தள்ளி விழுந்தது, திரும்ப எழுதினார். மூன்றாம் முறை நிறைவாக வந்த பிறகே மனுவை மடியில் எடுத்து வைத்துக் கையெழுத்திட்டார். யாரிடம் கற்றீர்கள் என்று மாணவி கேட்டாள்.

"அறிவொளியில கத்துக்கிட்டது. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் உன்ன மாதிரி ஒரு பிள்ளைதான், தாவணி போட்டுக்கிட்டுச் சைக்கிள்ல வரும். அதுக்கு அஆவன்னா தெரியும், கொடியிலருந்து கடலை ஆயத் தெரியாது. பகல்ல நான் அதுக்குக் கடலை ஆயச் சொல்லிக் கொடுத்தேன், ராத்திரியில அது எனக்கு எழுதச் சொல்லிக் கொடுத்துச்சு."

படிக்காத பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் 1991-இல் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுக்கொண்ட கதையை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சம்பளம் இல்லாமல் ஊர் ஊராகப் போய்க் கற்பித்த தொண்டர்களில் படித்த இளைஞர்களும் இளம்பெண்களும் ஏராளம். அந்த இயக்கத்தைப் பற்றி நானும் எத்தனையோ முறை மேடையில் பேசியிருக்கிறேன். பேசும்போதெல்லாம் தொண்டர்கள் கொடுத்ததையும் மக்கள் பெற்றதையும் தான் சொல்லியிருப்பேன். கற்க வந்தவர் பகலில் தம் ஆசிரியைக்கு ஆசிரியையாக இருந்தார் என்பதை அந்தத் திண்ணையில்தான் முதன்முதலாகக் கேட்டேன். கடலை ஆயக் கற்றுக்கொடுத்ததால்தான் அவரால் வெட்கப்படாமல் அகரம் கற்க முடிந்திருக்கிறது என்று தோன்றியது. ஒரு கையால் கொடுத்தவருக்கு மறு கையால் வாங்குவதில் கூச்சம் இல்லை. வாங்க மட்டுமே வைக்கப்படுகிறவர், ஏழையானாலும், உள்ளுக்குள் விலகியே நிற்பார். அன்று வரை எங்கள் பிள்ளைகளைப் பார்த்து ஊரார் சிலர் விலகி நின்றதற்கும் காரணம் அதுதான்.

ஊர் நடத்திய வகுப்பு

அன்று மாலை ஊக்குநரிடம் இன்னொன்றும் கேட்டேன்: எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் யார் என்ன கற்றுத்தர முடியும்? இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பதைப் போல அவர் உடனே வேலையில் இறங்கினார். மறுநாள் முதல் பிற்பகல் வகுப்புகள் ஊராரின் பொறுப்பில் போயின. புதுக்கோட்டை மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்கள் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கண்மாய் என்றால் தண்ணீர் தேங்கும் பள்ளம். மடை பார்த்து வளர்ந்த முதியவர் ஒருவர் அவர்களைக் கரை மீது நடத்திக் கூட்டிப்போய், வரத்து வாய்க்கால் எந்தத் திசையிலிருந்து வருகிறது, மடையை எவ்வளவு திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும், நிறைந்த பிறகு கலிங்கு வழியாக வழியும் நீர் எந்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது என்று காட்டினார். ஒரு ஊர்க் கண்மாயின் மிச்சம் அடுத்த ஊரின் வரவு என்பதைக் கேட்ட ஒரு மாணவன், அடுத்த ஊர் தன் ஊர்தான் என்று கண்டுபிடித்துக்கொண்டான்.

எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு சுய உதவிக் குழுவின் கணக்கு வகுப்பு. நான் வணிகவியல் ஆசிரியன் என்பதால் அப்படித் தோன்றலாம். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று ஒரு பாடம் உண்டு. நம் ரொக்க ஏடு ஓர் இருப்பைக் காட்டும், வங்கியின் செல்லேடு வேறோர் இருப்பைக் காட்டும். இடையில் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் கண்டு இரண்டையும் சரிக்கட்ட வேண்டும். ரொக்க ஏட்டில் பற்று வைத்த தொகை செல்லேட்டில் வரவாக நிற்கும் என்பதையே பல பிள்ளைகள் புரியாமல் மனப்பாடம் செய்துவிடுவார்கள். குழுவின் ஊக்குநர் தம் நோட்டையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, "இதுல இருக்கிற இருப்பும் அதுல இருக்கிற இருப்பும் ஒத்துப்போக மாட்டேங்குது. உறுப்பினருங்க என்னைச் சந்தேகமாப் பார்க்குறாங்க" என்றார். பிள்ளைகள் இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டார்கள். வங்கி அவ்வப்போது பிடித்த சிறு சிறு கட்டணங்கள் நோட்டில் ஏறவே இல்லை. ஒரு முறை வரவு வைத்த வட்டியும் ஏறவில்லை. அவற்றை எழுதியதும் இருப்பு ஒன்றாகிவிட்டது. ஊக்குநர் அந்த இடத்திலேயே உறுப்பினர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மாணவி ஒருத்தியை விட்டு வாசிக்கச் சொன்னார்.

அதன் பிறகு அவர் நடத்தியதுதான் உண்மையான வகுப்பு. கடன் யாருக்கு முதலில் கொடுப்பது என்று குழு எப்படி முடிவு செய்கிறது, தவணை தவறியவரிடம் எப்படிப் பேசுவது, கல்யாணக் கடனுக்கும் ஆட்டுக் கடனுக்கும் ஏன் வேறு வேறு தவணை என்று அவர் சொன்னதை என் மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். கடன் என்பது புத்தகத்தில் ஒரு வரி. அங்கே அது ஒரு வீட்டின் ஆடி மாதம். வகுப்பறையில் வாய் திறக்காத ஒரு மாணவன் அன்று கேள்வி மேல் கேள்வி கேட்டான். அவனுடைய அம்மாவும் வேறொரு குழுவில் உறுப்பினர் என்பதும், அவர் தவணைக்காக அலைவதை அவன் பார்த்திருக்கிறான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. மதிப்பெண் பட்டியலில் அவன் கடைசி வரிசை. திண்ணை திண்ணையாகப் போய் மனு எழுதியதிலும் அவனே முன்னால் நின்றான், ஏனென்றால் பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கு அது ஒரு திறமையாகக் கண்ணில் பட்டதே இல்லை. கொத்தனார் வேலைக்குப் போகும் தந்தையின் கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதில் இந்த மாணவன்தான். அவருடைய மகனும் அவன்தான்.

எல்லைகளும் உண்டு

இவற்றையெல்லாம் படித்துவிட்டு அடுத்த முகாமில் மனு எழுதும் மேசை போடலாம் என்று கிளம்பும் ஆசிரியர்களிடம் சிலவற்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் பிள்ளைகளிடம் பதிவாகத் தங்கக் கூடாது; கைப்பேசிக்கு வரும் ஓடிபி அவர்கள் கைக்கே போகக் கூடாது. நாங்கள் அட்டைகளைப் படம் எடுக்கவோ நகல் வைத்துக்கொள்ளவோ யாரையும் அனுமதிக்கவில்லை. பார்த்து எழுதியதும் அட்டை உரியவரின் கைக்கே திரும்பியது, இணையத்தில் பதிவேற்றும் வேலை இ-சேவை மையத்திலேயே நடந்தது. உதவித்தொகை கிடைத்துவிடும் என்று எந்த மாணவரும் வாக்குக் கொடுக்கவும் கூடாது. எழுதித் தரலாம், உடன் போகலாம். முடிவு அலுவலகத்தின் கையில் இருக்கிறது. கையெழுத்திட்ட அந்த மூதாட்டியின் மனுவே வயது முரண்பாட்டால் ஒருமுறை திரும்பி வந்தது; திருத்தி மறுபடி போட்ட பிறகுதான் உத்தரவு வந்தது.

இன்னொரு எல்லை இதைவிட முக்கியமானது. அரசு செய்ய வேண்டிய வேலையை, கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையை, மாணவர் தலையில் கட்டக் கூடாது. சீமைக் கருவேலத்தை வெட்டவும் சாக்கடை அள்ளவும் பிள்ளைகளை அனுப்புவதை நான் ஏற்பதில்லை. முள் குத்தும் என்பதற்காக மட்டும் அல்ல. அந்த ஊரில் நூறு நாள் வேலைக்காகக் காத்திருப்பவரின் கூலியை நம் சேவை பறித்துவிடக் கூடும். தொண்டு செய்யப் போய் ஒருவருடைய ஒரு நாள் சோற்றைக் குறைத்துவிட்டு வருவது எந்த வகையிலும் நியாயமாகாது.

ஒருமுறை போய்வருவது போதாது

தத்தெடுத்த கிராமம் என்று நம் அறிக்கைகளில் எழுதுகிறோம். தத்தெடுத்தவர்கள் அடுத்த ஆண்டே வேறு கிராமத்துக்குப் போய்விடுகிறார்கள். புதிய ஊர் என்றால் புதிய தொடக்க விழா, புதிய படங்கள் கிடைக்கும் என்பதும், பழைய ஊரில் விட்டுவந்த வேலையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் இதற்குக் காரணங்கள். ஒரே ஊருக்குத் திரும்பிப் போகும்போதுதான் திரும்பி வந்த மனுக்கள் கண்ணில் படும், கணக்கு நோட்டு இப்போது ஒத்துப்போகிறதா என்று தெரியும், சென்ற ஆண்டு மாணவி இந்த ஆண்டு புதிய மாணவிக்கு எந்த வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பாள். காலாண்டு விடுமுறை முகாமில் இன்னொரு வசதியும் உண்டு: அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. வாக்களிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கு அங்கே கையெழுத்திடும் உரிமை இல்லை. ஆனால் தாங்கள் எழுதிய மனுவில் சொன்ன ஊர்க்குறை, ஊராரின் வாயால் கோரிக்கையாக எழுந்து, தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறுவதை அவர்கள் உட்கார்ந்து பார்க்கலாம். குடிமையியல் பாடத்தில் உள்ளாட்சி பற்றிப் படித்த பிள்ளைக்கு அதைவிடப் பெரிய செய்முறை வகுப்பு கிடையாது.

இப்போது என் கவலை பணியிட மாறுதலைப் பற்றியது. பள்ளிக்கும் ஊருக்கும் இடையிலான இந்த உறவு பெரும்பாலும் ஓர் ஆசிரியரின் கைப்பேசியில் உள்ள சில எண்களாகத்தான் இருக்கிறது. அவர் மாறிப் போனால் உறவும் போய்விடுகிறது. இதைத் தனி மனிதரின் ஆர்வத்தில் விடாமல், பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊராட்சியும் உட்கார்ந்து பேசி, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஒரே ஊர் என்று எழுதி வைக்க வேண்டும். அந்த ஏட்டில் இரண்டு பத்திகள் இருக்க வேண்டும்: ஊர் கேட்பது, ஊர் கற்றுத்தருவது. எங்கள் பள்ளியில் அப்படி ஒரு நோட்டைத் தொடங்கியிருக்கிறோம். முதல் பத்தியில் இந்த ஆண்டு ஊர் எழுதியிருப்பது குடும்ப அட்டைப் பெயர்த் திருத்தமும், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லித் தருவதும். இரண்டாம் பத்தியை ஊக்குநர் இன்னும் முடிக்கவில்லை. கிடை போடும் ஆட்டுக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.